மாணவர் கொடுக்கும் விருது: நல்ல இயற்பியல் ஆசிரியரை ஓட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

[காட்சி: காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேப். மேஜையில் ஒளி வளையும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். பக்கத்தில் பனையோலைக் கொட்டான், அது நிறைய மடித்த சீட்டுகள்.]

வணக்கம். இந்தக் கொட்டானில் கிடப்பதெல்லாம் ஓட்டுச் சீட்டு. தங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் யார் உண்மையிலேயே இயற்பியலைப் புரிய வைத்தார் என்று மாணவர்கள் போட்டது. அரசு தரும் நல்லாசிரியர் விருது வேறு, நிர்வாகம் ஆண்டு விழாவில் போர்த்தும் பொன்னாடை வேறு. இந்த விருதில் மாணவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

சூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கமே துறைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து 'தங்க ஆந்தை' என்ற விருது கொடுக்கிறது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு இயற்பியல் துறை இதைத் தொடங்க வேண்டுமென்றால் என்ன வேண்டும்? ஒரு கொட்டான், ஒரு கட்டுத் தாள், விருதாகக் கொடுக்க ஒரு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் வர்ணத் தரைக்கல்). செலவு அவ்வளவுதான். சீட்டில் என்ன கேட்பது என்பதில்தான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுகிறார்கள்.

[காட்சி: கரும்பலகையில் ஒரே வரி: 'உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?' அதன் மேல் குறுக்குக் கோடு.]

இந்தக் கேள்வியைக் கேட்டால் கலகலப்பாகப் பேசுகிறவர் ஜெயிப்பார், அட்டெண்டன்ஸில் தாராளமாக இருப்பவர் ஜெயிப்பார். பிடித்தவர் வேறு, கற்றுக்கொடுத்தவர் வேறு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்கிற இயற்பியல் பேராசிரியருக்கு மாணவர்கள் அள்ளி அள்ளி மதிப்பெண் போட்டார்கள். விசை பற்றி ஃபார்முலா இல்லாத அடிப்படைக் கேள்விகளை ஒருநாள் அவர்களிடமே கொடுத்துப் பார்த்தார். 'நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?' என்று ஒரு பிள்ளை கேட்டதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவர்கள் அந்தச் சின்னக் கேள்விகளில் தடுமாறினார்கள். அவர் வகுப்பு நடத்தும் விதமே அதன்பிறகு மாறியது.

2019-இல் அதே ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் உடனிருந்தவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு அழகான சொற்பொழிவாகவும், இன்னொரு பிரிவுக்கு மாணவர்களையே கேள்விகளோடு மல்லுக்கட்ட விட்டும் நடத்தினார்கள். அடுத்த பாடத்தில் பிரிவுகளை மாற்றிக்கொண்டார்கள். மல்லுக்கட்டியவர்களே தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்ற நினைப்பு மட்டும் சொற்பொழிவு கேட்டவர்களுக்கு. வழுவழுவென்று போகிற பாடம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

2010-இல் கேரல், வெஸ்ட் என்ற இருவர் அமெரிக்க விமானப்படை அகாடமியில் செய்த ஆய்வு இன்னும் கொஞ்சம் சங்கடமானது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதைக் குலுக்கல் மாதிரிதான் ஒதுக்குவார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள், அதைத் தொடர்ந்து வரும் பாடங்களில் பின்தங்கியிருந்தார்கள்.

அதனால் முதல் விதி: பாடம் நடக்கும்போதே ஓட்டு வைக்காதீர்கள். ஒரு செமஸ்டர் போகட்டும். மெக்கானிக்ஸ் நடத்தியவரைப் பற்றி, அதன்மேல் கட்டிய அடுத்த பேப்பரைப் படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். அஸ்திவாரம் எப்படி என்பது மேல்மாடி கட்டும்போது தெரியும்.

[காட்சி: ஓட்டுச் சீட்டு பெரிதாக. ஐந்து கேள்விகள், எதிரே கட்டங்கள்.]

இரண்டாவது: குணத்தைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். 'அன்பானவரா, கம்பீரமானவரா' என்று கேட்டால் பெண் ஆசிரியருக்கு ஒரு அளவுகோல், ஆண் ஆசிரியருக்கு வேறொன்று வந்துவிடும். எங்கள் மாதிரிச் சீட்டில் இருப்பவை இவை. கணக்கில் இறங்கும் முன் இந்த விதி ஏன் இங்கே பொருந்தும் என்று சொன்னாரா? வகுப்பை விடை சொல்ல வைத்து, தப்பான விடை ஏன் தப்பு என்று காட்டினாரா? இன்டர்னல் தாளைத் திருத்திக் கையில் கொடுத்தாரா? லேபில் ரீடிங் தவறினால் மறுபடி எடுக்க வைத்தாரா? சந்தேகத்தைத் தமிழிலும் கேட்க முடிந்ததா? ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 1, 'எப்போதும்' என்பதற்கு 5. சீட்டு தமிழில் இருக்கட்டும். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்து வந்த பிள்ளை ஆங்கிலப் படிவத்தைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடும்.

நான்காவது கேள்வி சில்லறையாகத் தெரியலாம். லேபுக்குள் வந்து பாருங்கள்.

[காட்சி: சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம். பிரிசம் டேபிள், டெலஸ்கோப், வெர்னியர் நெருக்கமாக.]

கண்ணாடிப் பிரிசம், அதன் கோணம் A 60 டிகிரி. ஒளி அதில் திரும்பும் கோணத்தின் மிகக் குறைந்த அளவு, அதாவது மினிமம் டீவியேஷன் D, 38 டிகிரி வருகிறது என்று வையுங்கள். A-யும் D-யும் கூட்டிய 98-இல் பாதி 49, அதன் சைன் 0.755. A-இல் பாதி 30, அதன் சைன் 0.5. வகுத்தால், கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் 1.51. சாதாரணக் கண்ணாடிக்கு அது சரி.

ஒரு மாணவிக்கு 1.39 வருகிறது. பிரிசத்தை எடுத்துவிட்டு, நேராக வரும் ஒளிக்கான டைரக்ட் ரீடிங் பார்க்கும்போது, கோணம் காட்டும் வெர்னியர் டேபிள் திருகு இறுகாமல் கைபட்டு 10 டிகிரி நகர்ந்திருக்கிறது. D 28 ஆகிவிட்டது. இப்போது ஒரு ஆசிரியர், 'கண்ணாடிக்கு 1.5 வரணும்மா, ரெக்கார்டில் அதை எழுதிடு' என்பார். இன்னொருவர், '1.39-ல் கண்ணாடி இருக்குமா? கண்ணாடி அப்படியேதான் இருக்கு, அப்போ எது நகர்ந்துச்சு?' என்று கேட்டுவிட்டுத் திருகைக் காட்டுவார். அவரால் அந்த பேட்ச் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வெளியே போகும். 'பிடித்தவர் யார்' என்று அன்றைக்கே கேட்டால் அவர் பெயர் வராது. நாலாவது கேள்வி அவருக்காகவே வைத்தது.

இரண்டாவது கேள்விக்கும் ஒரு உதாரணம். எலுமிச்சம்பழத்தை நேர் மேலே எறிகிறோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கிறது. அப்போது முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? பாதி வகுப்பு 'பூஜ்யம்' என்று சொல்லும். 'தப்பு, 9.8' என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவது ஒரு வழி. 'பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம், வேகம் மாறுவதும் பூஜ்யம்; பழம் அங்கேயே தொங்க வேண்டுமே, ஏன் கீழே வருது?' என்று கேட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுவது இன்னொரு வழி. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 பாடப்பிரிவுகள், 6,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளை அலசினார். முதலில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைப் பின்னால் கற்றுக்கொண்டார்கள் என்பதே அவர் அளவை. முதல் தேர்வில் 40, பிறகு 70 என்றால், பாக்கியிருந்த 60-இல் 30, அதாவது 0.5. பழைய பாணி வகுப்புகளின் சராசரி 0.23, மாணவரை ஈடுபடுத்தியவற்றின் சராசரி 0.48. இரண்டு மடங்கு!

இனி எண்ணிக்கை. இயற்பியல் துறையே கோட்டை விடும் இடம் இது என்பதுதான் வேடிக்கை.

ஓட்டைக் கூட்டிப் பார்த்து அதிகம் வாங்கியவருக்கு விருது என்றால், கெமிஸ்ட்ரி, மேக்ஸ் பிள்ளைகளுக்குத் துணைப் பாடமாக அலைடு பிசிக்ஸ் நடத்துகிறவர் வருடாவருடம் ஜெயிப்பார். அவர் வகுப்பில் ஆள் அதிகம். சரி, சராசரி எடுக்கலாம் என்றால் எம்.எஸ்சி. எலெக்டிவ் (விருப்பப் பாடம்) நடத்துகிறவர் ஜெயிப்பார்: ஆறு பேர், ஆறு பேரும் 5 போட்டால் சராசரி 5.0. பக்கத்து வகுப்பில் 48 பேர் போட்டு 4.6.

[காட்சி: கரும்பலகையில் இரண்டு கணக்குகள் பக்கம் பக்கமாக.]

இதற்கு ஒரு எளிய வைத்தியம். எல்லா ஆசிரியருக்கும் துறையின் பொதுச் சராசரியில், 4.0 என்று வையுங்கள், 10 கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துவிடுங்கள். ஆறு பேர் வகுப்பு: 30-உம் 40-உம் 70, அதை 16-ஆல் வகுத்தால் 4.38. நாற்பத்தெட்டு பேர் வகுப்பு: 220.8-உம் 40-உம் 260.8, அதை 58-ஆல் வகுத்தால் 4.50. சின்ன வகுப்பின் அதிர்ஷ்டம் அடங்கிவிட்டது.  ஆள் சேரச் சேரத்தான் கணக்குக்கு எடை. 

பிழை வரம்பையும் போட வேண்டும். 48 சீட்டு, சிதறல் (சீட்டுகள் சராசரியிலிருந்து விலகி நிற்கும் அளவு) 0.7 என்றால் சராசரியில் நிச்சயமின்மை 0.7-ஐ 48-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, 0.10. இரண்டு பேருக்கும் அதே அளவு இருந்தால், வித்தியாசத்தில் 0.14. ஒருவர் 4.6, மற்றவர் 4.5 என்றால் யார் மேல் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவருக்கும் கொடுங்கள். லேபில் பிழை வரம்பு எழுதாத ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கிற துறை, விருதுக்கு மட்டும் அதை மறக்கலாமா?

அடுத்தது பயம். 25 மார்க் இன்டர்னல் கையில் வைத்திருப்பவரைப் பற்றி எந்தப் பிள்ளை உண்மை எழுதும்? அதனால் ரிசல்ட் வந்த பிறகே ஓட்டு. சீட்டில் டிக் மட்டும், எழுத்து வேண்டாம். ரெக்கார்டு நோட்டு திருத்துகிறவருக்குக் கையெழுத்து அத்துப்படி. கருத்து எழுத விரும்புகிறவர்களுக்குத் தனித்தாள் கொடுத்து, வேறு துறை மாணவரை வைத்து டைப் அடித்து, அந்த ஆசிரியருக்கு மட்டும் கொடுங்கள். கூகுள் ஃபார்ம் வசதிதான். ஆனால் மெயில் ஐடி பதிவாகும் என்ற சந்தேகம் ஒன்று போதும், எல்லோரும் 5 போட்டுவிடுவார்கள். கடைசி பீரியடில் வைக்காதீர்கள். தேவகோட்டை, புதுக்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் சீட்டைப் பார்க்கவே மாட்டார்கள். எண்ணும்போது மொய் எழுதுகிற முறைதான்: ஒருவர் வாசிக்க, இருவர் தனித்தனியாக எழுத, கடைசியில் இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்ப்பது.

எப்போது கொடுப்பது? செப்டம்பர் 5-ஐ எல்லாத் துறையும் பிடித்துக்கொள்ளும். இயற்பியலுக்குப் பொருத்தம் பிப்ரவரி 28. 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள், தேசிய அறிவியல் தினம். பொங்கல் விடுமுறை முடிந்து, ஒற்றைப்படை செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு ஓட்டு வைத்தால் நேரம் சரியாக இருக்கும்.

[காட்சி: ஆத்தங்குடிப் பட்டறை. கண்ணாடித் தகடு, இரும்புச் சட்டம், அச்சுக்குள் வர்ணக் கலவை ஊற்றும் கை.]

விருது என்று பிளாஸ்டிக் கோப்பை வாங்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் ஒன்றில், ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது தெரியும் குறுக்கீட்டு வட்டங்களைப் போடச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வர்ணம் கலந்த சிமெண்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறி, காய்ந்து வர நாளாகும். ஆகவே ஓட்டு எண்ணும் முன்பே கல்லுக்குச் சொல்லிவிட வேண்டும், பெயரைப் பின்னால் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். கல்லிலேயே வருடம் போட ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: நாம் பார்க்கப்போகும் முகம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு கீழே இருக்கிறது. மேலிருந்து நேராக எழுதியது கல்லைத் திருப்பும்போது இடவலம் மாறிவிடும். அச்சில் எண்ணைக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டச் சொல்லுங்கள். இயற்பியல் துறைக் கல்லிலேயே வருடம் இடவலம் மாறி வந்தால், பி.எஸ்சி. முதல் வருடம் சிரிக்கும்.