தாலிக்குப் பிறகு ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை மாதம், கூவாகம். கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி முன்னால் வரிசையில் நின்று, மகாபாரத அரவானுக்கு மனைவியாகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலி முடிந்ததும் அதே தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். நம் மரபு அவர்களுக்குக் கொடுத்த தாலிக்கு ஆயுசு ஒரு ராத்திரி.

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஒரு திருநங்கை கழுத்தில் ஏறியது வேறு தாலி. அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். மணமகள் என்றால் பெண் அல்லவா என்பது அரசுத் தரப்பு வாதம். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையும்தான் என்று தீர்ப்பளித்தார். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, படித்த கண்தான் மாறியது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது, அதுதான் இதற்கு அடித்தளம்.

சரி, தாலி நிலைத்துவிட்டது. குடித்தனம் நடத்த வீடு?

தோழி ஒருத்திக்காக வீடு பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்தார். அட்வான்ஸ், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் நான்தான் பேசினேன். தோழி மெல்ல, “மோட்டார் சுவிட்ச் எங்கம்மா இருக்கு?” என்றாள். குரலைக் கேட்ட அம்மா அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க, நாலு குடும்பம் இருக்கிற இடம்.” நாங்களும் குடும்பம் நடத்தத்தானே வீடு கேட்டோம்!

2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வாடகை வீட்டில் பாகுபாடு கூடாது என்கிறது. தண்டனையைச் சொல்லும் 18ஆம் பிரிவுக்குப் போனால், வீட்டையோ ஊரையோ விட்டுத் துரத்துவது குற்றம், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. முதலிலேயே வீடு தராமல் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. உள்ளே விட்டால்தானே துரத்துவதற்கு?

கிளம்பும்போது அந்த அம்மா ஓடி வந்தார். இடுப்பில் பேரக்குழந்தை, கையில் பத்து ரூபாய் நாணயம். “உன் வாக்கு பலிக்கும்பாங்க, புள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போம்மா.”

தோழி குழந்தையின் தலையில் கை வைத்தாள். நாணயத்தை வாங்கவில்லை. அப்புறம் நாங்கள் அடுத்த தெருவில் டு-லெட் பலகை தேடிப் போனோம்.

வணக்கம்.