மாசூ அம்மா தன் தீவுக்குத் திரும்பி வந்த கதை

வணக்கம் நண்பர்களே. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு சீனாவில் சாமிகளுக்கு என்ன ஆயிற்று? பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு சாமியை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தவள். பெயர் மாசூ.

தென்கிழக்குச் சீனாவில் ஃபூஜியான் மாகாணம். அதன் கடற்கரையில், புதியான் நகரத்தை ஒட்டி, மெய்சோ என்று ஒரு சின்னத் தீவு. 960-ஆம் ஆண்டு அங்கே லின் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாகச் சொல்கிறார்கள். பிறந்தபோது அழவே இல்லையாம். அதனால் 'மோ' என்று பெயர். மௌனம் என்று பொருள். வளர்ந்ததும் புயலில் மாட்டிய மீனவர்களைக் காப்பாற்றினாள், 987-இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தாள். ஊர்க்காரர்கள் கோயில் கட்டினார்கள். பின்னால் வந்த அரசர்கள் பட்டத்துக்கு மேல் பட்டம் கொடுத்து அவளை விண்ணரசி ஆக்கினார்கள். ஆனால் கடலோர மக்களுக்கு அவள் அன்றும் இன்றும் மாசூதான், வீட்டுப் பெரிய ஆத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி.

அந்தத் தீவுப் பெண்களின் படங்களைப் பாருங்கள். கூந்தலைப் பாய்மரம் போல வாரிக் கொண்டை போடுவார்கள். கால்சட்டை மேலே சிவப்பு, கீழே கருப்பு. மாசூ அப்படித்தான் இருந்தாள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சத்தில் புரியும்.

சரி, 1949-க்கு வருவோம். புதிய அரசு பௌத்தம், தாவோ, இஸ்லாம், கத்தோலிக்கம், புரொட்டஸ்டன்ட் என்று ஐந்து மதங்களைத்தான் மதம் என்று ஏற்றுக்கொண்டது. ஊர்ச் சாமி, அடுப்படிச் சாமி, கடல் சாமி எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. சீனாவில் பெரும்பாலானவர்கள் கும்பிட்டதே அவற்றைத்தான்! அதற்கெல்லாம் 'நிலப்பிரபுத்துவ மூடநம்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள். மதம் என்றால் கட்டுப்பாட்டோடாவது இடம் உண்டு. மூடநம்பிக்கை என்றால் அதுவும் கிடையாது.

மாவோ 1927-இலேயே, ஹூனான் விவசாயிகள் இயக்கம் பற்றிய அறிக்கையில், இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலைகளை வைத்தவர்கள் விவசாயிகள், நேரம் வந்தால் தங்கள் கையாலேயே தூக்கிப் போடுவார்கள், நாம் முந்திக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் வாதம். ஆனால் 1966-இல் கலாசாரப் புரட்சி வந்தபோது யாரும் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கவில்லை. பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் என்ற 'நான்கு பழமை'களை ஒழிக்க, மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கிளம்பினார்கள். கன்பூசியஸ் பிறந்த சூஃபூ ஊரில் அவர் கல்லறையையே உடைத்தார்கள். மெய்சோவில் மாசூவின் தாய்க்கோயில் தரைமட்டமானது.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்த இடம். எழுபதுகளின் கடைசியில் பிடி கொஞ்சம் தளர்ந்தபோது அந்தக் கோயிலை மறுபடி எழுப்பத் தொடங்கியது அரசு இல்லை. அந்தத் தீவின் பெண்கள். அவர்களைத் திரட்டியவரும் ஒரு சாதாரண மீனவக் குடும்பத்துப் பெண். மூடநம்பிக்கை என்ற பழி இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. வெளியே சொல்லவே பயப்பட வேண்டிய ஒரு காரியத்தை அவர்கள் மலைமேல் எல்லாரும் பார்க்கக் கட்டினார்கள். எத்தனை துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அதிகாரிகள் ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? தைவான். கடலுக்கு அந்தப் பக்கம் தனி அரசோடு இருக்கிற, ஆனால் சீனா தன்னுடையது என்று சொல்கிற தீவு. அங்கே லட்சக்கணக்கான பேருக்கு மாசூதான் குலதெய்வம் மாதிரி. புதுக் கோயில் கட்டும்போது தாய்க்கோயில் ஊதுவத்திக் கலசத்திலிருந்து சாம்பல் எடுத்துப் போவார்கள், நம் ஊரில் பிடிமண் எடுப்பதைப் போல. அதோடு முடிந்துவிடாது. தாய்க்கோயிலுக்குத் திரும்பி வந்து அந்த நெருப்பைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1949-க்குப் பிறகு கடலுக்கு இந்தப் பக்கம் வரவே வழியில்லை. 1987, மாசூ மறைந்து ஆயிரம் ஆண்டு. சீனாவுக்குப் போகத் தைவான் அரசு இன்னும் அனுமதிக்காதபோதே, தாஜியா ஊர்க் கோயில்காரர்கள் ஜப்பான் வழியாகச் சுற்றிக்கொண்டு மெய்சோ வந்து சேர்ந்தார்கள். 1989-இல் யீலான் பகுதியிலிருந்து ஏறக்குறைய இருபது படகுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நேராகக் கடலைத் தாண்டி வந்தார்கள். இரண்டு அரசுகளும் பேசிக்கொள்ளாத காலத்தில் இவள் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பெய்ஜிங்கின் பார்வையே மாறியது. தீவின் பரப்பு 14.35 சதுர கிலோமீட்டர் என்பதால் 14.35 மீட்டர் உயரத்தில் சிலை எழுந்தது. 2009-இல் மாசூ வழிபாடு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நேற்றுவரை மூடநம்பிக்கை, இன்று மரபு.

இந்தப் பெயர் மாற்றம் மாசூவுக்கு மட்டும் நடந்ததில்லை. வடக்கே ஹேபெய் மாகாணத்தில் ஃபான்சுவாங் என்றொரு கிராமம். அங்கே டிராகன் பலகை என்று ஒரு மரப்பலகையைத் தெய்வமாக வைத்து, வீடு வீடாக மாற்றி மாற்றிக் கும்பிட்டு வந்தார்கள். 2003-இல் அதற்கு நிலையான கோயில் கட்டினார்கள். கட்டடம் ஒன்று, பெயர் இரண்டு. கோயிலும் அதுதான், டிராகன் பண்பாட்டு அருங்காட்சியகமும் அதுதான். அருங்காட்சியகம் என்ற பெயர் இருந்ததால் அனுமதி கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. சாமி பிழைத்துக்கொண்டது, அது பெரிய விஷயம். ஆனால் ஊதுவத்தியோடு நிற்கிற அம்மா பண்பாட்டைக் காப்பாற்ற வரவில்லை. கடலுக்குப் போன மகனுக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறாள். அந்த வேண்டுதலுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாதபோது கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும் சுலபம். ஃபூஜியானுக்குப் பக்கத்து மாகாணமான செஜியாங்கில் 2014 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்களின் சிலுவைகளை இறக்கினார்கள். அதே இயக்கத்தில் ஊர்ச் சாமி கோயில்களும் பல இடிந்தன. அவற்றுக்காக வாதாடத் தைவானும் இல்லை, யுனெஸ்கோவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: புதியானிலிருந்து வென்ஜியா படகுத்துறை, அங்கிருந்து படகு. மாசூவின் பிறந்தநாள் சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23, நமக்கு ஏப்ரல் அல்லது மே. கூட்டம் அதிகம் இருக்கும், பரவாயில்லை, அன்றைக்கே போங்கள். கோயில் படியில் பாய்மரக் கொண்டையோடு வயதான அம்மா யாரையாவது பார்த்தால் எனக்காகவும் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.