வலையா? அணையா? – ‘அணையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, மழை தூறியும் நாற்காலியை விட்டு எழாத பெருமக்களே, வணக்கம். நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், ஆகவே நேராகச் செய்திக்கு வருகிறேன்.

‘ஆற்று மீனினங்கள் அழிந்துபோகப் பெரிதும் காரணம் வலையா, அணையா’ என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணன், “மீனைப் பிடிப்பது வலை. அணை யாரையும் கடிக்காது” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். அதற்கு நான் ஒரு மீனின் கதையைத்தான் பதிலாகச் சொல்லப்போகிறேன். இது புராணக் கதை இல்லை. இந்த அரங்கில் இருக்கும் பலர் பிறந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது.

சீனாவின் யாங்சி ஆற்றில் சீனத் துடுப்பு மீன் என்று ஒன்று வாழ்ந்தது. கரையோர மீனவர்கள் அதை யானைமீன் என்றே அழைத்தார்கள். மூன்று மீட்டருக்கு மேல் வளரும். முகத்திற்கு முன்னால் நீண்டு கிடக்கும் தட்டையான மூக்கு. அந்த மூக்கு முழுவதும் நுண்ணிய உணர்வுக்குழிகள். கலங்கிய நீரில் கண் எதற்குப் பயன்படும்? இரையின் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்துடிப்பை அந்தக் குழிகளால் உணர்ந்து வேட்டையாடிய மீன் அது. அதன் குடும்பம் இந்தப் பூமியில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. டைனோசர்களை அழித்த பேரழிவையே தாண்டி வந்த குடும்பம்.

இனி 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற்கு வாருங்கள். யாங்சியின் மேற்பகுதியில், சிச்சுவான் மாகாணத்தில், யிபின் என்ற ஊருக்கு அருகே மீனவர்களின் வலையில் ஒரு பெரிய மீன் சிக்கியது. மூன்றரை மீட்டர் நீளம். பெண் மீன். நினைத்துப் பாருங்கள், குளிர்காலம், படகு ஆடுகிறது, வலையில் ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான உயிர் துடிக்கிறது. அந்த மீனவர்கள் அதை வெட்டி விற்றார்களா? இல்லை. செய்தி மேலே போனது. வெய் சிவெய் என்ற மீனியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் விரைந்து வந்தார்கள். காயங்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். மீனின் உடலில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது விட்டுவிட்டு எழுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டார்கள்.

விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை, படகிலேயே பின்தொடர்ந்தார்கள். மீன் போகும் திசையில் படகும் போனது. நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கி அந்த ஓசையைப் பிடித்துத் தந்தது. ஓசை கேட்கும்வரை மீன் இருக்கிறது. மீன் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எங்கே முட்டையிடப் போகிறது என்று அதுவரை யாருக்கும் தெளிவாகத் தெரியாததெல்லாம் தெரியப்போகிறது. ஓர் இனத்தையே மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் அந்த ஓசையின் பின்னால் போனார்கள்.

சில நாட்கள்தான். சீனப் புத்தாண்டு நெருங்கிய நேரம். படகு ஒரு பாறையில் மோதியது. படகைச் சரிசெய்து கொண்டு திரும்புவதற்குள் ஓசை போய்விட்டது.

கைதட்டாதீர்கள் ஐயா, இது கைதட்டும் இடமில்லை.

பின்வரிசையில் இப்போதுதான் வந்து அமர்ந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒருமுறை கேட்டால் போதாது. கையில் கிடைத்தது. காயம் ஆற்றினார்கள். கருவி கட்டினார்கள். ஆற்றில் விட்டார்கள். ஓசையைக் கேட்டபடியே பின்னால் போனார்கள். பாறை குறுக்கிட்டது. அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எந்த மனிதனும் அந்த இனத்தில் இன்னொரு மீனை உயிரோடு பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. 2017, 2018 ஆண்டுகளில் யாங்சி வடிநிலம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினார்கள். 332 மீனினங்கள் கிடைத்தன. யானைமீன் கிடைக்கவில்லை. 2022 ஜூலையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிந்துபோன இனம் என்று அறிவித்தது.

இப்போது அண்ணனைக் கேட்கிறேன். இந்தக் கதையில் வலை செய்த குற்றம் என்ன? வலைதான் அந்த மீனை மனிதர் கையில் சேர்த்தது. வலை போட்டவர்கள்தான் அதைக் காப்பாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அண்ணன் ஒரு கணக்கும் சொன்னார். 1970களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 டன் யானைமீன் பிடித்தார்கள் என்றார். உண்மை, மறுக்கவில்லை. வலைக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் அதே கணக்கை முழுதாகப் படியுங்கள். அவ்வளவு பிடித்தும் அடுத்த ஆண்டு பிடிக்க மீன் இருந்தது! 1981இல், யிபினுக்குக் கீழே யிச்சாங் என்ற ஊரில், கெசோபா அணைக்காக யாங்சி ஆற்றின் குறுக்கே அடைத்தார்கள். முட்டையிட மேலே போகும் மீனுக்கு வழி அடைபட்டது. அதன் பிறகு 2003 வரை யானைமீன் கண்ணில் பட்ட நிகழ்வுகள் மொத்தம் 210. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை 1995க்கு முந்தியவை. 1989இல் சீன அரசு அதை முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. பிடித்தால் குற்றம், சிறை. வலைக்குத் தடை வந்தாயிற்று, மீன் பெருகியிருக்க வேண்டுமே! பெருகியதா? 1993 வாக்கிலேயே அந்த இனம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வலுவை இழந்துவிட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வலையை எடுத்த பிறகும் ஓர் இனம் செத்துக்கொண்டே போகிறது என்றால், கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கை எது?

இதற்குத்தான் அண்ணன் ஒரு குத்தல் வைத்திருந்தார். “அணை இல்லாவிட்டால் இந்தச் சகோதரியின் கையில் இருக்கும் ஒலிவாங்கி வெறும் மரக்கட்டை. மீனைக் கூப்பிட்டு மின்சாரம் கேட்கட்டும்” என்றார். அரங்கமே சிரித்தது. இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே. இன்னும் ஐந்து சான்றுகள் எழுதி வைத்திருக்கிறேன். அவை தாளிலேயே இருக்கட்டும். இதற்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, மின்சாரம் வேண்டாம் என்று இந்த அணியில் யார் சொன்னார்கள்? நீர்ப்பாசனம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தஞ்சை மண்ணில் பிறந்தவள் நான். அணையில் தண்ணீர் திறந்தால்தான் எங்கள் வீட்டில் நாற்று நடுவார்கள். அணையின் அருமையை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. கெசோபாவைக் கட்டியபோது மீன் ஏறிச்செல்ல வழி அமைப்பதா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். முடிவில் மீன்வழி அமைக்கப்படவில்லை. அதே ஆற்றில் வாழும் இன்னொரு பெரிய மீனான ஸ்டர்ஜனுக்காவது செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்து ஆற்றில் விடும் முயற்சி நடந்தது. யானைமீனுக்கு அந்த வழியும் கைகூடவில்லை. அதை ஒருபோதும் வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை. ஆற்றை மூடினார்கள், மாற்று வழி ஒன்றும் இல்லை. அவ்வளவு பெரிய திட்டத்தில் ஒரு மீனுக்கு இடம் ஒதுக்க முடியவில்லை என்பதுதான் என் வழக்கு.

அணை கடிக்காதா? வங்கத்தில் 1975இல் பராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் கடலிலிருந்து கங்கையில் ஏறி அலகாபாத் வரை போன உல்லம் மீன் அங்கே அரிதாகிப் போனது. கடித்த தழும்பு கங்கையின் உடம்பில் இருக்கிறது. அணையை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கிளமாத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றி முடித்தது 2024இல்தான். அடுத்த சில வாரங்களில் சால்மன் மீன்கள் ஒரேகன் மாநிலம் வரை ஏறிவந்தன. நூறாண்டுக்கு மேலாக அந்த இனத்தின் கால்படாத, மன்னிக்க வேண்டும், துடுப்புப்படாத நீர் அது. நூறாண்டு கழித்தும் வழி திறந்தவுடன் ஏறிவருகிறதே, அதைத் தடுத்தது வலையா?

ஒலிவாங்கியைப் பற்றிப் பேசினீர்கள். அந்த ஆராய்ச்சிப் படகிலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது, அண்ணா. அதற்கும் மின்சாரம் இருந்தது. கேட்பதற்கு மீன்தான் இல்லாமல் போயிற்று. ஒரு நாடு முழுவதற்கும் வேண்டிய மின்சாரம் வந்த பிறகும் அந்த ஓசையைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லையே!

இன்னொன்று. 2021 ஜனவரி முதல் யாங்சியில் பத்தாண்டுகளுக்கு மீன்பிடிக்கத் தடை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலை விட்டுக் கரையேறினார்கள். நல்ல நோக்கம்தான், மீனும் பெருகட்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆற்றில் பிழைத்தவன் படகை ஒப்படைத்துவிட்டுப் போகிறான், சுவர் அப்படியே நிற்கிறது. எல்லாப் பழியையும் வலை மேல் போடும் அண்ணன் அணி, அந்த மீனவரின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழையின் வலைதான் எப்போதும் முதல் குற்றவாளி.

எதிரணி ஜாவாவின் திருக்கையைச் சொன்னது. 2023 டிசம்பரில் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட கடல்மீன், அதை வலைதான் அழித்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு ஆற்று மீன். விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விட்ட நைல் பெர்ச் மீனைப் பற்றியும் எங்கள் அணித் தலைவர் பேசுவார், நான் நகர்கிறேன்.

நடுவர் அவர்களே, மறுபடியும் யானைமீனுக்கே வருகிறேன். அதை விட்டுப் போக எனக்கு முடியவில்லை.

2003 ஜனவரியில் யிபின் அருகே ஒரு மீன் என்றேன். அதற்கு முந்திய மாதம், 2002 டிசம்பரில், நான்ஜிங் நகரத்தின் அருகே இன்னொரு யானைமீன் கிடைத்தது. அதைக் காப்பாற்றப் போராடினார்கள், பிழைக்கவில்லை. நான்ஜிங் எங்கே இருக்கிறது? ஆறு கடலைச் சேரும் பக்கம். யிபின் எங்கே இருக்கிறது? மேலே, மலைப்பக்கம், முட்டையிடும் இடங்கள் இருந்த பகுதி. இரண்டு மாதங்களில் இரண்டு மீன்கள். ஒன்று அணைக்குக் கீழே, ஒன்று அணைக்கு மேலே. நடுவில் சுவர்.

நம் வீடுகளில் தலைப்பிரசவத்திற்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவோம். எத்தனை கஷ்டத்திலும் அழைத்து வருவோம். அவள் புறப்பட்டு வருகிறாள், பாதி வழியில் ஊருக்குக் குறுக்கே வானளாவிய மதில். சுற்றிப் போகவும் வழியில்லை. அந்தப் பெண் அந்த மதிலின் அடியிலேயே எத்தனை நாள் நிற்பாள்? ஆண்டுதோறும் நின்றார்களே, கெசோபாவின் அடியில்! கீழே இருந்தவை மேலே வர முடியாமல், மேலே இருந்தவை துணை தேடி. அந்த மீன்களுக்கு அங்கே ஒரு சுவர் வந்துவிட்டது என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவற்றின் உடம்புக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தது ஒன்றே ஒன்று: மேலே போ. போயின. முட்டின. மறுபடியும் போயின.

அம்மா, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். துடைக்காதீர்கள். அந்த மீனுக்காக அழ இந்த ஊரிலாவது ஒருவர் இருக்கட்டும்.

நமக்கும் ஒரு மீன் இருக்கிறது. காவிரி வடிநிலத்துக்கே உரிய முதுகு உயர்ந்த மகசீர். ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும் ஆற்று மீன். அதற்கு உரிய அறிவியல் பெயர் இன்னது என்பதே 2018இல்தான் உறுதியாயிற்று. பெயர் கிடைத்த அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதற்கு வந்த கேடுகள் பல. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறொரு மகசீர் இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெடி வைத்து மீன் பிடித்தார்கள். காவிரியில் ஓரிடம் விடாமல் அணைகளும் வந்தன. இன்று நீலகிரியை ஒட்டி ஓடும் மோயாறு அதற்கு எஞ்சியிருக்கும் புகலிடங்களில் ஒன்று. நம் மோயாறு. பவானிசாகருக்கு வந்து சேரும் அதே ஆறு.

யாங்சியில் 1993க்கு முன்பே எழுந்திருந்தால் யானைமீனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். நம் மகசீருக்கு அந்த ஆண்டு இன்னும் வந்துவிடவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் மீனியல் படியுங்கள். ஒருவர் பொறியாளராகி, அணைக்கு வரைபடம் போடும்போது மீன் போகும் வழியையும் சேர்த்துப் போடுங்கள். ஒருவர் அதிகாரியாகி அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. முடிக்கிறேன். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். தர முடியாவிட்டாலும், அண்ணன் அணியே வென்றாலும், உங்கள் தீர்ப்பில் மோயாற்று மகசீரின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். அது உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.