மேடையில் பேசும் தலைவர்களும் என் கையில் இருக்கும் 12 எம்எம் பின்னும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோ பட்டறைக்குள்ளே இருந்துதான். பின்னால் கேட்கும் சத்தம் எங்கள் சிஎன்சி மெஷின், கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடையும் மெஷின். நாளைக்கு டெலிவரி இருப்பதால் அப்பா அதை நிறுத்த மாட்டார். கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். கேமரா பக்கத்தில் கொண்டு வருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். ஆங், இப்போது தெரிகிறதா? இது ஒரு பின். ஈஎன்8 என்ற எஃகுக் கம்பியை வெட்டி, கடைந்து, ஒரு முனையில் லாக் உட்கார ஒரு குரூவ், அதாவது சின்னப் பள்ளம், போட்டிருக்கிறோம். விட்டம் 12 எம்எம். அதிலிருந்து 10 மைக்ரானுக்கு மேல் குறையக் கூடாது. நம் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குதான் அது. பிரேக் பெடலுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஓட்டுகிறவர் இதைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், ஆனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இதன் மேல்தான் நம்பிக்கை வைக்கிறார்.

போன வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஆட்டோமொபைல் மாநாடுகளில் பெரிய கம்பெனித் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், அம்பத்தூரில் லேத் வைத்திருப்பவர் அதையெல்லாம் எதற்குக் கேட்க வேண்டும் என்று. நல்ல கேள்வி. நான் அந்தப் பேச்சுகளை விடாமல் கேட்கிறவன். அவர்கள் மேடையில் சொல்வது ஆறு மாதமோ நான்கு வருடமோ கழித்து இந்த மெஷினுக்கு வந்து சேரும். அதனால்தான்.

ஓர் உதாரணம். 2021 ஆகஸ்ட் மாதம். வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாமின் வருடாந்திர மாநாடு. மாருதி சுசூகியின் தலைவர் ஆர்.சி. பார்கவா பேசினார். டிவிஎஸ் மோட்டாரின் தலைவராக இருந்த வேணு சீனிவாசன் பேசினார். மத்திய அரசின் வருவாய்த் துறைச் செயலர் தருண் பஜாஜும் அதே மாநாட்டில் இருந்தார். பொதுவாக இப்படிப்பட்ட இடத்தில் அரசுக்கு நன்றி சொல்லி, வளர்ச்சி பற்றி நான்கு வார்த்தை பேசி முடிப்பார்கள். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. டூவீலர் சாதாரண மக்களின் அடிப்படைத் தேவை, அதற்கு ஆடம்பரப் பொருளைப் போல 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறீர்களே என்றார் வேணு சீனிவாசன். இந்தத் துறை முக்கியம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள், தரையில் ஒரு நடவடிக்கையும் தெரியவில்லையே என்றார் பார்கவா. வண்டி வாங்கும் விலையில் இல்லாவிட்டால் பெட்ரோலோ, சிஎன்ஜியோ, மின்சாரமோ எதுவும் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தாது என்பதுதான் அவர் வாதம்.

அந்தச் செய்தியை நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் படித்தேன். அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா கையில் இருந்த வெர்னியரை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படி" என்றார். பெரிய மேடையில் ஒருவர் எங்கள் பட்டறையின் நிலையைச் சொல்லிவிட்டார் என்ற நிம்மதி அது.

அது நடந்து இரண்டு வாரம்தான். செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையும் அதில் சேர்த்தி. ஒரு கார் ஆலை மூடினால் அதன் கேட்டுக்குள் வேலை பார்க்கிறவர்கள் கணக்கில் வருவார்கள். அதற்குப் பாகம் கொடுத்தவர், அந்தப் பாகம் செய்தவருக்கு இப்படி ஒரு பின்னைக் கடைந்து கொடுத்தவர், அந்தப் பின்னுக்குப் பிளேட்டிங் போட்டவர், இவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. மேடைகளில் சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த அசல் டெட்ராய்ட் நகரம் 2013இல் திவால் மனு கொடுத்தது. பெருமைக்காகச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனாலும் அந்தப் பெயர் நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பாடி, அம்பத்தூர் என்று சொன்னாலே போதும்.

சரி, வரி விஷயத்துக்கு வருகிறேன். உதிரி பாகம் செய்பவர்களின் சங்கமான ஆக்மா, எல்லாப் பாகங்களுக்கும் ஒரே 18 சதவீதம் போடுங்கள் என்று வருடக்கணக்காக எல்லா மேடையிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. சில பாகத்துக்கு 18, சில பாகத்துக்கு 28 என்றுதான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாமே 18 ஆனது. 350 சிசி வரை உள்ள டூவீலருக்கும் சின்னக் காருக்கும் 28இலிருந்து 18 ஆனது. 2021இல் கேட்டது 2025இல் கிடைத்தது. ஒரு பேச்சினால் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். அலுக்காமல் கேட்டவர்கள் இருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

மேடையில் இருந்து கீழே உத்தரவு வந்த நாளும் உண்டு. 2017 செப்டம்பர், அதே சியாம் மாநாடு. மாற்று எரிபொருளுக்கு மாறுங்கள், உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான் செய்யப் போகிறேன் என்று அமைச்சர் நிதின் கட்கரி நேருக்கு நேர் சொன்னார். கேட்டவர்கள் கோடிக்கணக்கில் முதலீடு போட்டவர்கள். அவர்களுக்கு அது ஒரு கொள்கை அறிவிப்பு. எங்கள் தெருவில் என்ஜினுக்குள் போகும் வால்வ் கைடு மட்டுமே கடைகிற அண்ணனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. மின் வண்டியில் வால்வ் கிடையாது, பிஸ்டன் கிடையாது, ரிங் கிடையாது. பிரேக் பெடல் இருக்கும், அதனால் எங்கள் பின் பிழைத்துக்கொள்ளும். அந்த அண்ணன் என்ன செய்வார்? 'மாற்றம்' என்று மேடையில் சொல்லும்போது எந்தெந்தப் பாகம் போகும், எந்த வருடம் போகும், அதைச் செய்கிறவருக்கு என்ன புது வேலை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நான் காத்துக்கொண்டே இருக்கிறேன்.

2025இல் எல்லா மேடையிலும் ஒரே பேச்சு, வண்டிகளின் மோட்டாருக்கு வேண்டிய காந்தம். ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்கள் சிலவற்றுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஜப்பானில் சுசூகி சில நாள் ஸ்விஃப்ட் தயாரிப்பையே நிறுத்தியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளால் முழு லைனும் நின்றது. சின்னப் பாகத்தின் அருமை அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஒரு மாநாடு. சின்ன யூனிட்டுகளுக்கு இலவச பாஸ் கொடுத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் இதே பின். நாலாவதாகப் பேசிய பெரியவர் ஒருவர், பெயர் வேண்டாம், தரம் பற்றிப் பேசினார். பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிய கதையைச் சொன்னார். இந்தியாவில் முதலில் வாங்கியது அவர்கள்தான். பெருக்குகிறவர் முதல் மேலாளர் வரை எல்லோரும் தவறைத் தேடினால்தான் அந்தப் பரிசு வரும் என்றார்.

டீ இடைவேளையில் போய் வணக்கம் சொல்லி, பின்னை எடுத்து நீட்டினேன். கப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாங்கினார். விட்டத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். கட்டை விரல் நகத்தைக் குரூவின் ஓரத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் லேசாகத் தட்டியது.

"தம்பி, இங்க பிசிறு இருக்கு. அசெம்பிளியில் லாக் ஏறாது."

"சரி சார், பிசிறு எடுக்கிற டீபரிங் வேலையை இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"அளவு பார்க்கிற கேஜ் போட்டா இது தெரியாது. நகம் போட்டுப் பாருங்க."

அன்றிலிருந்து இங்கே எல்லாப் பின்னுக்கும் நகம் போட்டுத்தான் பெட்டியில் அடுக்குகிறோம். அதற்குப் பிறகு இந்தப் பின்னில் பிசிறு என்று ஒரு ரிஜெக்ஷன்கூட வரவில்லை.

தைரியம் வந்து இன்னொன்றும் கேட்டேன். "சார், சரியான பின் கொடுத்தால் பணம் எத்தனை நாளில் வர வேண்டும்?" அப்போது ஓர் இடத்திலிருந்து எங்களுக்கு 110 நாளாகப் பணம் வரவில்லை. அந்த மாதம் அப்பா கம்பி வாங்க அம்மாவின் வளையலை அடகு வைத்திருந்தார். அந்தப் பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்து, "இதை நீங்க மைக்கில் கேட்டிருக்கணும்" என்றார்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது மக்களே. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அப்புறம் 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி போட்டார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நல்ல சட்டம்தான். ஆனால் அடுத்த ஆர்டரும் அதே வாங்குபவரிடம் இருந்துதான் வர வேண்டும் என்கிறபோது யார் புகார் கொடுப்பார்?

அதனால்தான் இந்தப் பேச்சுகளில் நான் ஒரு வார்த்தைக்காகக் காது வைத்திருக்கிறேன். முதலீடு எத்தனை ஆயிரம் கோடி என்று எல்லோரும் சொல்வார்கள். சந்தோஷம், வரட்டும். தூத்துக்குடியில் வியட்நாமின் மின் கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2024 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எந்தத் தலைவராவது மேடையில் நின்று, "எங்களுக்குப் பாகம் தருகிறவர்களுக்கும், அவர்களுக்குப் பாகம் தருகிறவர்களுக்கும் இத்தனை நாளில் பணம் போகிறது" என்று ஒரு எண்ணைச் சொன்னால், அந்த நாளில் எழுந்து நின்று கை தட்டுவேன்.

அடுத்த மாநாட்டுக்கும் பாஸ் வந்திருக்கிறது. இந்த முறை முன் வரிசைக்குப் போகிறேன். உங்கள் யூனிட் என்ன கடைகிறது, பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது, இந்த இரண்டை மட்டும் கமெண்டில் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். அத்தனையையும் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் வாசிக்கிறேன்.

அப்பா கூப்பிடுகிறார், லாட் முடிந்துவிட்டதாம். நகம் போடப் போகிறேன். வணக்கம்.