சுவர் இருந்தால்தான் சித்திரம்

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'ஓவியரின் படைப்புக்கு ஊற்று எது? உள்ளத்தின் எழுச்சியா, கண் முன்னும் கைக்குள்ளும் இருக்கும் பொருளா?' இதுதான் தலைப்பு. பொருளே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியினர் மூன்று வாதங்களை வைத்தார்கள். நார்வே ஓவியர் மூங்க் வரைந்த 'அலறல்' அச்சத்தில் பிறந்தது, பிக்காசோவின் 'கெர்னிக்கா' சினத்தில் பிறந்தது என்றார்கள். உள்ளம் விழிக்கும் வரை ஓவியர் காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். ஒரே தூரிகையைப் பத்துப் பேர் கையில் கொடுத்தால் பத்து விதமான படம் வருகிறதே, வேறுபாடு உள்ளத்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் சுவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பதை உடம்பைப் பேணச் சொல்வதற்காகவே நாம் பயன்படுத்துகிறோம். இன்று அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச்சுவரில் ஓவியம் தீட்டுகிறவருக்குச் சுவர்தான் கடிகாரம். சுண்ணச்சாந்து பூசிய அன்றே, ஈரம் போவதற்குள், தண்ணீரில் குழைத்த நிறமியைத் தீட்டி முடித்துவிட வேண்டும். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும்போது நிறமியும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்த பிறகு வைக்கும் வண்ணம் மேலே ஒட்டியிருக்குமே தவிர உள்ளே இறங்காது. அதனால் அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். நுணுக்கமான முகம் என்றால் ஒரு நாளைக்குச் சிறிய இடம்தான். வெறும் வானம் என்றால் ஒரே நாளில் பெரிய பரப்பு முடிந்துவிடும். எதை எங்கே பிரிப்பது, எந்த உருவத்தின் ஓரத்தில் இன்றைய வேலையை நிறுத்துவது என்பதையெல்லாம் இந்த நாள்கணக்கே முடிவுசெய்கிறது.

லியொனார்டோ டா வின்சி இதற்கு இணங்கவில்லை. நிறுத்தி, யோசித்து, மறுபடி திருத்துவது அவர் வழக்கம். 1495 முதல் 1498 வரை மிலானில் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைக் காய்ந்த சுவர்மேல் தீட்டினார். ஏறக்குறைய 20 ஆண்டுகளிலேயே அது பழுதுபடத் தொடங்கிவிட்டது. அவர் உள்ளத்தில் என்ன குறை? ஒன்றுமில்லை; சுவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே லியொனார்டோ இளம் ஓவியர்களுக்கு எழுதிவைத்த யோசனையும் சுவரைப் பற்றியதுதான். கறை படிந்த சுவரை உற்றுப் பாருங்கள், அதில் மலையும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்றார். கற்பனைக்குப் பேர்போன அந்த மனிதர், கண்ணை மூடிக்கொள் என்று சொல்லவில்லை ஐயா. சுவரைப் பார் என்றார்.

ஹொக்குசாய் என்ற ஜப்பானிய ஓவியரின் பேரலையைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். நகம்போல வளைந்த நுரை, அடியில் படகுகள், தொலைவில் சிறிதாக ஃபூஜி மலை. 1831 வாக்கில் வெளிவந்தபோது அவருக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த அலை அன்றைக்குத் திடீரென்று அவர் உள்ளத்தில் எழுந்ததல்ல. 1803, 1805 வாக்கிலேயே பேரலையும் படகும் வைத்து அச்சுப்படங்கள் செய்திருக்கிறார். அவற்றை எடுத்துப் பாருங்கள். அலை கனத்துப்போய், செதுக்கிய கட்டைபோல நிற்கும். எண்ணம் அப்போதே இருந்தது, அலைதான் எழவில்லை. இடையில் கால் நூற்றாண்டுக் கைப்பழக்கம் சேர்ந்தது. கூடவே புதிதாக ஒரு நீலமும் கைக்குக் கிடைத்தது.

பிரஷ்யன் நீலம் என்று அதற்குப் பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில், சிவப்புச் சாயம் செய்யப் போன இடத்தில், விலங்கெண்ணெய் கலந்து கெட்டுப்போன சாம்பலுப்பால் தவறிப் பிறந்த நிறமி அது. அதற்கு முன் ஜப்பானிய அச்சுப்பட்டறைகளில் இருந்தவை செடிகளிலிருந்து எடுத்த நீலங்கள். பூவிலிருந்து எடுத்த நீலம் வெளிச்சமும் ஈரமும் பட்டால் வெளுத்துவிடும். அவுரி நிலைக்கும், ஆனால் மங்கலாகவே விழும். பிரஷ்யன் நீலத்துக்கோ சாயவலிமை மிக அதிகம். துளி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அச்சுக்கட்டையில் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் வெறும் ஈரமாகவும் துடைத்துவிட்டால், கறுநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை பிசிறில்லாமல் இறங்கும். அலையில் கறுநீலமும் வெளிர்நீலமும் பட்டைபட்டையாக அடுத்தடுத்து நின்று ஆழம் காட்டுவது அந்த நீலத்தால்தான். நீலம் வந்தது, ஆழம் வந்தது. இதில் ஊற்று எது என்று நடுவர் அவர்களே சொல்லட்டும்.

இனி 'அலறல்'. மாலையில் நடந்துகொண்டிருந்தபோது வானம் இரத்தமாகச் சிவந்ததாகவும், இயற்கையின் ஊடே ஓர் அலறல் ஓடியதை உணர்ந்ததாகவும் மூங்கே எழுதியிருக்கிறார். அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உணர்வு கொடுத்த முதல் படம் 'அலறல்' அல்ல. 1892இல் வரைந்த படத்தில் அதே சிவந்த வானமும் அதே கைப்பிடிச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் நிற்பவர் தொப்பி போட்ட ஒரு மனிதர், பக்கவாட்டில் குனிந்து நிற்கிறார். சோகமாக இருக்கிறது, அவ்வளவுதான். 1893இல்தான் அந்த உருவத்தை நம் பக்கம் திருப்பினார், முகத்தை மண்டையோட்டளவுக்கு உரித்தார், வானத்தின் வளைகோடுகளை உடம்புக்குள்ளும் ஓடவிட்டார். அதைக் கித்தானில் அல்ல, அட்டையில் செய்தார். சில இடங்களில் அட்டையின் பழுப்பை மூடாமல் அப்படியே விட்டார். 1895இல் கல்லச்சில் மறுபடி செய்தபோது சிவப்பே கிடையாது, கறுப்பு மட்டும். வண்ணம் செய்த வேலையையெல்லாம் கோடுகளே செய்ய வேண்டியிருந்தது. வானம் அடுக்கடுக்காக அதிர்ந்தது. அச்சம் 1892 படத்திலும் இருந்ததே, ஏன் அது அலறவில்லை? உருவத்தைத் திருப்பிப் பார்த்த கைதான் அலறலைக் கண்டுபிடித்தது.

'கெர்னிக்கா'வுக்கு வருகிறேன். எதிரணியின் வலுவான வாதம் இதுதான், அதனால் தேதிகளோடு பேசுவோம். பாரிஸ் கண்காட்சியின் ஸ்பானிய அரங்குக்குப் பெரிய ஓவியம் வேண்டும் என்று 1937 ஜனவரியில் பிக்காசோவிடம் கேட்டார்கள். ஏப்ரலில்கூட ஓவியரும் மாடலும் இருக்கும் ஒரு ஸ்டுடியோக் காட்சியைத்தான் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா நகர்மேல் குண்டு விழுந்தது. மே 1 அன்று முதல் ஸ்கெட்ச்கள். சினம்தான் தள்ளியது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சினமும் செய்தித்தாளின் வழியாக வெளியிலிருந்து வந்ததுதான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முதல் நாளே தாளில் வந்து நின்றவை எவை? காளை, காயம்பட்ட குதிரை, விளக்கை நீட்டும் பெண். இவை எங்கிருந்து வந்தன? 1935இல் அவர் செம்புத் தகட்டில் பொறித்த ஒரு படத்தில் காளைத்தலை மனிதனும், வயிறு கிழிந்த குதிரையும், மெழுகுவத்தி ஏந்திய சிறுமியும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கை இரண்டாண்டு முன்பே பழகி வைத்திருந்த உருவங்கள் அவை. சினம் வந்தபோது அள்ளிக் கொடுக்கக் கையில் சரக்கு இருந்தது.

அதன் பிறகும் வேலை முடியவில்லை. 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் அகலமுள்ள கித்தான் மாறிக்கொண்டே வந்ததைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் படிப்படியாகப் புகைப்படம் எடுத்திருக்கிறார். ஆரம்பத்தில் இறுகிய முட்டியோடு ஒரு கை செங்குத்தாக மேலே எழும்பியிருந்தது. சினத்துக்கு அதைவிட நேரான அடையாளம் ஏது? அதையே அவர் அழித்தார். குனிந்திருந்த குதிரைத் தலை நிமிர்ந்தது. காளையின் உடல் திரும்பியது. உள்ளம் முதலில் சொன்னதைக் கித்தான் மறுத்தது, அவர் கித்தானின் பேச்சைக் கேட்டார்.

உள்ளம் பொய் சொல்லும், ஐயா. சோதிக்க ஒரு கோப்பை போதும். மேசையில் வைத்து, சற்று மேலிருந்து பார்த்து வரையுங்கள். புதிதாக வரைகிறவர்களில் பலர் செய்யும் தவறு இது: வாயை இரண்டு முனையும் கூரான படகாக வரைவார்கள், அடியை நேர்கோடாக இழுப்பார்கள். ஏன்? கோப்பை மேசைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மனத்துக்குத் தெரியும், அதனால் கை அந்த அறிவை வரைகிறது. கண் காண்பதோ வேறு. நீள்வட்டத்துக்கு எங்கும் முனை கிடையாது. அடிப்பகுதி நம் கண்மட்டத்திலிருந்து வாயைவிடக் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிட இன்னும் உருண்டிருக்கும். இதைக் கண்டுகொண்ட நொடியில் ஒரு கிளர்ச்சி வரும். அந்தக் கிளர்ச்சிதான் ஓவியரை மறுநாளும் உட்கார வைக்கிறது. அது கோப்பையிடமிருந்து வந்தது.

வாட்டர்கலரில் இது இன்னும் வெளிப்படை. தாளில் நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசி வாஷ் போட்டதும் ஈரம் பளபளக்கும், அப்போது விடும் வண்ணம் தானே பரவும். சற்று நேரத்தில் பளபளப்பு மங்கும். ஆபத்து அங்கேதான். அந்த நேரத்தில் தண்ணீர் அதிகமுள்ள தூரிகையை வைத்தால், புதுத்தண்ணீர் பாதி காய்ந்த நிறமியை விளிம்புக்குத் தள்ளும். காலிஃபிளவர்போல ஓரம் சுருண்ட கறை விழும். வானத்தின் நடுவே விழுந்தால் படம் கெட்டது. ஆனால் ஏன் விழுகிறது என்று தெரிந்த கை அதே கறையை வேண்டுமென்றே போட்டு, மரத்தின் தழையாகவும் மேகத்தின் விளிம்பாகவும் ஆக்கிக்கொள்கிறது. சொரசொரப்பான தாளில் அல்ட்ராமரீன் என்ற நீலம் குழிகளில் மணிமணியாகத் தங்கும், தாலோ நீலம் நாரிலேயே ஊறிப்போகும். தூரத்து மலைக்கு எது, கண்ணாடிக்கு எது என்ற எண்ணம் நிறமியைத் தொட்ட பிறகே பிறக்கிறது. அல்ட்ராமரீனைத் தொடாமலே அதைக் கனவு கண்டவர் யார்?

காத்திருக்க வேண்டும் என்றார்களே, அதுதான் எனக்கு வருத்தம். திறமையுள்ள எத்தனை பேர் வெற்றுத்தாள் முன்னால் உட்கார்ந்து, 'மனசு வரவில்லை' என்று மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள்! அவர்களுக்கு என் அணி காட்டும் வழி இது. கசங்கிய ஒரு தாளை மேசையில் வையுங்கள். பக்கவாட்டில் சற்று உயரத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு, மற்ற வெளிச்சத்தை அணையுங்கள். முதல் நாள் இரண்டிரண்டு நிமிடத்தில் 20 கோட்டுப்படம், ரப்பரைத் தொடக் கூடாது. அடுத்த நாள் கோடே வேண்டாம், நிழலை மட்டும் ஒரே கறுப்பில் நிரப்புங்கள். அதற்கடுத்து அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, வெள்ளை மட்டும். முதல் இரண்டையும் கலந்தாலே குளிர்ந்த சாம்பலிலிருந்து சூடான சாம்பல் வரை கிடைக்கும், கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. நான்காம் நாள் வாக்கில் சலிப்பு வரும். பெரும்பாலோர் அங்கேதான் பொருளை மாற்றுகிறார்கள். மாற்றக் கூடாது. தெரிந்தது தீர்ந்துபோனதால் வந்த சலிப்பு அது. இனிமேல் பார்த்தால்தான் வரைய முடியும். இடையில் கைபேசியில் படமெடுத்து அதைப் பார்த்து வரையாதீர்கள். கண் நிழலுக்குள்ளும் நிறம் காணும். கேமரா அந்த நிழலைப் பெரும்பாலும் ஒரே கறுப்பாக அடைத்துவிடும்.

பெரியவர்களும் இப்படித்தான் உழைத்தார்கள். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசை என்று குறித்துவைத்தார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1892, 1893இல் பிரான்சின் ருவான் தேவாலயத்தின் ஒரே முகப்பை 30க்கு மேற்பட்ட கித்தான்களில் பிடித்தார். வெளிச்சம் மாறினால் கித்தானையும் மாற்றினார். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓவியத் தாங்கியின் முன் நெடுநேரம் நிற்க முடியாமல் போன பிரெஞ்சு ஓவியர் மட்டீஸ், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். அதிலிருந்து ஒரு புதிய கலையே வந்தது. அவர் உள்ளம் அன்றும் அதே உள்ளம்தான். கைக்கு வந்த கருவி புதிது.

கடைசியாக, பத்துப் பேர் வாதம். எதிரணியினர் பத்துப் பேரை வெற்றறையில் உட்கார வைத்து, முன்னால் எதுவும் வைக்காமல், உள்ளத்தில் தோன்றும் ஓர் இயற்கைக் காட்சியை வரையச் சொல்லிப் பார்க்கட்டும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், V போலப் பறவை, ஓலைக்குடிசை. தாளுக்குத் தாள் இவையே திரும்பத் திரும்ப வரும். பிறகு அந்தக் கசங்கிய தாளை நடுவில் வைத்து, சுற்றி உட்கார வைத்து, பத்துக் கரித்துண்டுகளைக் கொடுக்கட்டும். ஒருவருக்கு மடிப்பின் விளிம்பு தெரியும், ஒருவருக்கு நிழலின் பள்ளம். ஒருவர் அழுத்துவார், ஒருவர் விரலால் தேய்ப்பார். அந்தப் பத்துப் படங்களையும் முதல் பத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.