39-ஆவது பாட்டு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். 'குயின் இசைக்குழுவின் உயிர் இருப்பது ஊரறிந்த பாட்டுகளிலா, ஊரறியாத பாட்டுகளிலா?' இதுதான் தலைப்பு. குயின் என்பது பிரிட்டனைச் சேர்ந்த ராக் இசைக்குழு. ஊரறியாத பாட்டுகளில்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் 1985 ஜூலை 13-ஐச் சொன்னார். லண்டன் வெம்ப்ளி மைதானம், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி, 72,000 பேர், இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம், குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பாடப் பாட மொத்தக் கூட்டமும் தலைக்கு மேல் கை தட்டிய அந்தக் காட்சி. சொல்லி முடித்துவிட்டு, 'காலம் என்கிற முறம் புடைத்து நிறுத்தியதுதான் அரிசி, பறந்து போனதெல்லாம் உமி' என்றார். அவர் வெம்ப்ளியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, எப்போது பார்த்தாலும் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் உமி என்ற அந்த ஒரு சொல்லை என்னால் விட்டுவிட முடியாது.

புடைத்தது காலம்தானா? 1975-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' சிங்கிள் இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடம். அந்தத் தட்டுக்குப் பின்பக்கமும் ஒன்று உண்டு. அதில் இருப்பது டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் தானே எழுதித் தானே பாடிய 'ஐயாம் இன் லவ் வித் மை கார்'. தட்டு ஒன்றுதானே, முன்பக்கம் எத்தனை விற்றதோ பின்பக்கமும் அத்தனை விற்றது, ராயல்டியும் அதற்கேற்ப அவருக்குப் போனது, அதனால் குழுவுக்குள் மனக்கசப்புகூட வந்தது. ஆக இரண்டு பாட்டும் அத்தனை வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றை உலகமே மனப்பாடமாகப் பாடுகிறது, மற்றதைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்? வானொலி முன்பக்கத்தைப் போட்டது, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் 1981-இல் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வந்தது. பிரிட்டனில் இதுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான், 70 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது. அதில் 17 பாட்டு. பெரும்பாலானவர்களுக்கு குயின் என்றால் அந்த 17 தான். ஓடிய பாட்டைத் தொகுத்தார்கள், தொகுத்ததால் அது இன்னும் ஓடியது. மற்ற பாட்டுகள் முறத்துக்கே வரவில்லை நடுவர் அவர்களே, அவற்றை எப்படி உமி என்று சொல்வது?

நானும் அந்தத் தொகுப்பில்தான் தொடங்கினேன். 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பம் முழுசாகக் கையில் கிடைத்தது ரொம்ப நாள் கழித்து. பொஹீமியன் ராப்சடிக்காகத்தான் வாங்கினேன். அது கடைசிக்கு முந்தின பாட்டு, அதுவரை பொறுக்க வேண்டும் என்று ஓடவிட்டபோது, முதல் பக்கத்தின் ஐந்தாவது பாட்டில் நின்றுவிட்டேன். அந்தப் பாட்டின் பெயரே ''39'.

ஒரு கணக்கு சொல்கிறேன். குயினின் முதல் ஆல்பத்தில் 10 பாட்டு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 13, மொத்தம் 34. நான்காவது ஆல்பத்தில் இது ஐந்தாவது. கூட்டிப் பாருங்கள், 39 வரும்.

எழுதியவர் கிதார் வாசித்த பிரையன் மே, பாடியவரும் அவரே. அகவுஸ்டிக் கிதாரை வைத்துக்கொண்டு, கப்பலேறிப் போகும் மாலுமிகள் பாடுகிற நாட்டுப்பாட்டு மாதிரி தொடங்கும். தன்னார்வலர்கள் சிலர் புது நிலம் தேடிக் கப்பலில் போகிறார்கள். சரி, கடற்பயணம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே போனால், திரும்பி வரும் இடத்தில்தான் விஷயம் பிடிபடும். போனது விண்வெளிக்கு. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்தால் பறப்பவருக்குக் காலம் மெதுவாக ஓடும், ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு. அவர்களுக்கு ஓர் ஆண்டு, பூமியில் நூறு ஆண்டு. விட்டுப்போன மனைவி இல்லை. அவள் கண்களை மட்டும் அடுத்த தலைமுறையின் முகத்தில் அவன் பார்க்கிறான். மூன்றரை நிமிடப் பாட்டில், சார்பியல் என்ற சொல்லே வராமல், ஒரு மனிதன் எதையெல்லாம் இழந்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறார். பிரையன் மே இதை எழுதும்போது, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970-இல் தொடங்கிய வானியற்பியல் முனைவர் பட்ட ஆய்வைப் பாட்டுக்காகப் பாதியில் விட்டிருந்தார். திரும்பிப் போய் 2007-இல்தான் முடித்தார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளை நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டை இப்போது கேளுங்கள்.

இன்னொன்று. இந்தப் பாட்டுக்கு டபுள் பேஸ் வாசியேன் என்று குழுவில் பேஸ் கிதார் வாசித்த ஜான் டீக்கனிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார் பிரையன். டீக்கன் சில நாளில் ஆள் உயர வாத்தியம் ஒன்றைக் கொண்டுவந்து பழகி, பதிவிலேயே வாசித்துவிட்டார். யாரும் ஹிட் ஆக்கப் போகாத ஒரு பாட்டுக்கு அந்த உழைப்பு.

அடுத்து, 'பொஹீமியன் ராப்சடிக்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள்' என்று எதிரணியில் கேட்டார்கள். ஈடு இருக்கட்டும், அதன் வேரையே காட்டுகிறேன். ஓராண்டு முன்னால், 1974-இல் வந்த 'குயின் II' ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு வெள்ளை என்று பெயர், மறுபக்கத்துக்குக் கறுப்பு. கறுப்புப் பக்கம் முழுக்க ஃப்ரெடி எழுதியது. அதில் 'தி மார்ச் ஆஃப் தி பிளாக் குயின்' என்று ஆறரை நிமிடப் பாட்டு. பியானோவில் தொடங்கி, தாளம் மாறி, குரல்கள் அடுக்கடுக்காக ஏறி, திடீரென்று எல்லாம் அடங்கி ஒரே குரலாகி, மறுபடி பொங்கும். மேடையில் அவர்கள் அதை முழுசாக வாசித்ததே இல்லை, அவ்வளவு சிக்கல். இதைச் செய்து பார்த்த கைகள்தான் அடுத்த ஆண்டு பொஹீமியன் ராப்சடியைச் செய்தன. அந்தப் பாட்டின் வீடியோவில் இருட்டுக்குள் நான்கு முகம் மட்டும் தெரியுமே, உலகத்துக்கே தெரிந்த அந்தக் காட்சிகூட குயின் II அட்டைப்படத்திலிருந்து எடுத்ததுதான். அதே கறுப்புப் பக்கத்தில் இன்னொரு பாட்டு, லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கும் ரிச்சர்ட் டாட் என்ற ஓவியரின் ஒரே ஒரு ஓவியத்தைப் பார்த்து ஃப்ரெடி எழுதியது. ஓவியத்தில் புல்லுக்கும் பூவுக்கும் நடுவே நிற்கும் குட்டிக் குட்டி ஆட்களை ஒவ்வொருவராகப் பாட்டுக்குள் கூட்டி வருகிறார். மூன்று நிமிடம்கூட இல்லை.

ஊரறியாத பாட்டு மனிதர்களைச் சேராது என்றும் ஒரு வாதம் வந்தது. 'தியோ தொரியாத்தே' குயினின் 1976 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஜப்பானிய ரசிகர்கள் மேல் உள்ள அன்பில் பல்லவியை ஜப்பானிய மொழியிலேயே எழுதினார்கள், சிங்கிளாக வெளியிட்டதும் அங்கே மட்டும்தான். 2011-இல் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானை அடித்துப் போட்டபோது நிவாரண நிதிக்காக ஒரு தொகுப்பு வந்தது. குயின் அதற்குக் கொடுத்தது எந்த ஹிட் பாட்டையும் இல்லை, இதைத்தான். கைகோத்து நிற்போம் என்று சொல்லும் பாட்டு.

நேரம் முடிகிறது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு பாட்டு, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1991 மே மாதம், சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகர், ஏரிக்கரை ஸ்டூடியோ. ஃப்ரெடிக்கு நிற்கவே தெம்பில்லை. எனக்கு வரி எழுதிக் கொடு, நான் பாடிவிட்டுப் போகிறேன், மிச்சத்தை நீங்கள் அப்புறம் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. பிரையன் துண்டுக் காகிதத்தில் வரிகளை எழுதி எழுதிக் கொடுக்க, டிரம் மெஷின் தாளத்தை வைத்துக்கொண்டு அவர் பாடினார். 'மதர் லவ்'. உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது நடுவில் குரலை எடுத்துக்கொண்டு போய் மேலே ஏற்றுகிறாரே, அந்த இடத்தை என்னால் இன்றைக்கும் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. கடைசிச் சரணம் பாக்கி இருந்தது. ஓய்வெடுத்துவிட்டு வந்து பாடுகிறேன் என்று போனவர், அதைப் பாட வரவே இல்லை. நவம்பர் 24-இல் இறந்துபோனார். 1995-இல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் அந்தப் பாட்டு வந்தபோது, கடைசிச் சரணத்தைப் பாடியவர் பிரையன் மே. ஒரு குரல் நின்று இன்னொரு குரல் தொடங்கும் அந்த இடத்தை அவர்கள் மறைக்கவில்லை.

அதோடு பாட்டு முடியவில்லை. திடீரென்று ஒரு மைதானத்து இரைச்சல் எழும்பும். 1986, வெம்ப்ளி. ஃப்ரெடி குரல் கொடுக்கிறார், கூட்டம் திருப்பிக் கொடுக்கிறது. என் நண்பர் இங்கே நின்று அவ்வளவு நேரம் பேசினாரே, அதே மைதானம், 'மதர் லவ்' என்ற இந்தப் பாட்டுக்குள்ளே இருக்கிறது நடுவர் அவர்களே. பிறகு அந்த இரைச்சலும் தேய்ந்து, கடைசியில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும்.

நன்றி, வணக்கம்.