சதுப்புநிலத்தின் கரையில் ஒரு கட்டடம்

நேயர்களுக்கு வணக்கம். சதுப்புநிலங்களைக் காண வருவோருக்கான பார்வையாளர் மையங்களை எப்படிக் கட்டுவது என்பதே இன்றைய உரையின் பொருள். பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்கும் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே, ஆனால் சதுப்புநிலத்தில் அவற்றைக் கடைசியாகத் தீர்மானித்தால் போதும். நீர் போகும் வழியை மறித்துவிட்ட கட்டடம் எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

ஆகவே முதல் கேள்வி இடத்தைப் பற்றியது. ஏற்கெனவே மனிதர் கைபட்டுக் குலைந்துபோன மேட்டு நிலம் ஓரத்தில் இருக்கும்போது, காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேற்றின் நடுவே கட்டடம் எழுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லண்டன் சதுப்புநில மையம், பயன்பாடு முடிந்த பழைய நீர்த்தேக்கங்கள் இருந்த இடத்திலேயே உருவாக்கப்பட்டது.

மேட்டு நிலம் கிடைக்காதபோது அடித்தளத்தில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். மண் கொட்டி மேடாக்கினால், அந்தப் பாரத்தில் அடியிலுள்ள மென்மண் அமுங்கி, நிலத்தடியில் ஓர் அணைபோல நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் நீர் தேங்க, மறுபக்கம் காய்ந்துபோகிறது. கடலோரச் சதுப்புகள் சிலவற்றில் தோண்டுவதே ஆபத்து. அங்குள்ள சேற்றில் உறங்கும் இரும்பு சல்பைடு காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறி, மழையோடு ஓடையில் இறங்கி மீன்களைக் கொல்லும். திருகிப் பூமிக்குள் இறக்கும் எஃகுத் தூண்களை, அதாவது ஸ்க்ரூ பைல்களை, பொறியாளர்கள் இங்கே விரும்புவதற்குக் காரணம் அவற்றுக்குப் பள்ளம் தோண்டவோ கான்கிரீட் ஊற்றவோ பெரும்பாலும் தேவைப்படாது என்பதுதான். பின்னாளில் வேண்டாமென்றால் திருகியே எடுத்தும்விடலாம். உப்பும் அமிலமும் எஃகை அரிக்கும் என்பதால், மண் பரிசோதனை முடியாமல் இதிலும் இறங்கக்கூடாது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மரநடைபாதையொன்றின் கால்களை நீர் வற்றிய நேரத்தில் பாருங்கள். எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடந்த பகுதி, காற்று புகாததால் உறுதியாகவே இருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஒரு சாண் அகலத்தில் மட்டும் கத்தி முனை தடையின்றி இறங்கும். அதற்கு அஞ்சி தாமிரமும் ஆர்சனிக்கும் கலந்த மருந்தை ஏற்றிய மரத்தை நட்டால், அந்த நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசியும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் விழும் மழைநீரும் இப்படித்தான். டென்மார்க்கின் வாடன் கடல் மையத்தை 2017இல் புதுப்பித்து விரிவாக்கிய கட்டடக்கலைஞர் டார்ட்டே மாண்ட்ரூப், கூரையோடு வெளிச்சுவர்களையும் நாணலால் வேய்ந்திருக்கிறார். நாணல் வேயும் கைத்திறன் அந்தப் பகுதிக்கே உரியது.

பறவைகளைக் காட்டுவதற்காக வைக்கும் பெரிய கண்ணாடிச் சுவரே அவற்றுக்கு எமனாகவும் ஆகிவிடுகிறது. கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மையென்று நம்பி அவை மோதுகின்றன. மூலைக்கொரு பருந்துப் படம் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. கண்ணாடியின் வெளிப்புறம் முழுவதும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளியோ கோடோ இருக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசப் பலரும் கூச்சப்படுகிறார்கள். எனக்கோ அதுதான் இத்தகைய கட்டடத்தின் உண்மையான சோதனை. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் குளத்தில் கலந்தால் பாசி பெருகும். அது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். நாணல் நட்ட சரளைப் பாத்தியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்துவிடும் என்றாலும், பாஸ்பரசைப் பிடித்துவைக்கும் ஆற்றல் சரளைக்கு நாளடைவில் தீர்ந்துபோகிறது. ஆகவே அடியில் நீர் கசியாத விரிப்பு போட்ட தனிப் பாத்தியாக அதை அமைத்து, சரளையை மாற்றுவதற்கும் வழி விட வேண்டும். பாத்தியின் பரப்பை ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடாமல், விடுமுறை நாளில் திரளும் கூட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.